காசு கட்டிய நாளில் பதிந்தது யாருடையது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

டிஷ் பூட்டுகிறவர்களும் புதுப் பெட்டி மாற்றுகிறவர்களும் எங்கள் ஸ்கந்தபுரம், அக்கராயன் பக்கம் இப்போது கூடிவிட்டார்கள். பெற்றோர் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சேர், நிகழ்ச்சியைப் பதிஞ்சு வைக்கிற பெட்டிக்குக் கூடக் காசு குடுக்கிறம். பிறகும் மாதம் மாதம் ரீலோட் போட்டால்தான் பதியும் எண்டால், அந்தக் கூடக் காசு எதுக்கு?"

நான் தொழில்நுட்பம் படித்தவன் இல்லை. சமூகக் கல்வி படிப்பிக்கிற ஒரு சாதாரண ஆசிரியன். ஆனாலும் இந்தக் கேள்வி கொஞ்ச நாளாக மனதில் கிடக்கிறது. தேடி வாசித்தேன், நாலு பேரோடு கதைத்தேன். அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. டிவிஆர் என்றதும் கடைக்காரர்களுக்குக் கமராப் பெட்டிதான் ஞாபகம் வரும். அதற்குப் பிறகு வருகிறேன். இங்கே முதலில் சொல்வது ரிவிப் பெட்டியில் இருக்கிற பதிவு வசதியைப் பற்றி. சில பெட்டிகளுக்கு உள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருக்கும். சிலவற்றில் பென் டிரைவ் குத்தினால் பதியும். ரிமோட்டில் ஒரு சிவப்புப் பட்டன், அவ்வளவுதான்.

இது ஆடம்பரமா என்று கேட்பவர்கள் உண்டு. நேரம் தன் கையில் இல்லாதவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். ரமழான் மாதத்தில் இரவுச் செய்தி போகிற நேரம் நான் தராவீஹ் தொழுகையில் நிற்பேன். அறுவடைக் காலத்தில் எங்கள் மாணவர்களின் அப்பாமார் வீட்டுக்கு வருவது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்கிற ஒரு தாதி பகலில் நித்திரை கொள்வா. ஒளிபரப்புகிறவர் வைத்த நேரத்தை எங்கள் நேரத்துக்கு மாற்றித் தருவதுதான் பதிவுப் பெட்டி. இந்தப் பட்டனின் தேவை கூடுதலாக இருப்பது உழைக்கிற வீட்டில்தான்.

வன்னியில் பதிவு என்பது புது விஷயமும் இல்லை. டெக் காலம் ஞாபகம் இருக்கிறதா? ரிவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம். மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை இருந்த நாட்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர்கள் இவை. அந்தக் கசெற்றின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறொன்று பதியாது. திரும்பப் பதிய வேண்டுமென்றால் அந்த ஓட்டையில் ஒரு துண்டு ரேப் ஒட்டுவோம். அழிப்பதா, வைத்திருப்பதா என்று தீர்மானித்தது வீட்டுக்காரன்தான். கசெற் வாங்கியவனிடம் மறு மாதம் யாரும் காசு கேட்டு வரவில்லை.

இப்போது 2020க்கு வருவோம்.

மார்ச் மாதம் பாடசாலைகளை மூடினார்கள். ஊரடங்கு. ஏப்ரலில் 'குருகெதர' என்ற பெயரில் தொலைக்காட்சியில் பாடங்கள் தொடங்கின. சிங்களத்தில் சனல் ஐ, தமிழில் நேத்ரா. எங்கள் பக்கம் ஸ்மார்ட் போன் உள்ள வீடுகள் குறைவு. இருந்தாலும் டேட்டா போடக் காசில்லை. ஆகவே ரிவிதான் வகுப்பறை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் அம்மா கூலி வேலைக்குப் போகிறவ. அந்த வருடம் பிள்ளை ஐந்தாம் தரம், புலமைப்பரிசில். ஊரடங்கில் கூலி நின்று போனது. ஆனாலும் அவ கையில் இருந்ததைக் கொண்டு பெட்டிக்கு ரீலோட் போட்டு, பாடங்களைப் பென் டிரைவில் பதிந்து வைத்திருக்கிறா. வீட்டில் ஒரே ரிவி, மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்பு. ஒருவருடைய பாடம் போகும்போது மற்றவருடையதைப் பதிந்து, பிறகு ஒவ்வொருவராக இருத்திப் பார்க்க வைத்திருக்கிறா. ஒரு ஆசிரியனாகச் சொல்கிறேன், எந்தப் பயிற்சிப் பட்டறையும் சொல்லித் தராத ஒரு நேரசூசி அது.

மே மாதம் காசு முடிந்தது. அலைவரிசைகள் நின்றதை அவ எதிர்பார்த்தா. ஆனால் பதிந்து வைத்த பாடங்களைத் திறந்தபோது பெயர்ப்பட்டியல் மட்டும் வந்ததாம். எந்தப் பாடத்தை அழுத்தினாலும் ரீலோட் செய்யுங்கள் என்று ஒரு அறிவிப்பு. அதே பென் டிரைவைப் பக்கத்து வீட்டு ரிவியில் குத்திப் பார்த்தார்கள். எடுக்கவில்லை. இன்னொரு வீட்டில், அதே கம்பனியின், காசு கட்டியிருந்த பெட்டியில் குத்தினார்கள். அதிலும் இல்லை.

முகக்கவசத்தோடு படலையில் நின்று அந்த அம்மா என்னிடம் கேட்டது இப்போதும் காதில் நிற்கிறது.

"சேர், காசு கட்டின நாளில பதிஞ்சதுதானே. கள்ளமா பதியேல்லையே. அது எப்பிடி அவையின்ர ஆகும்?"

அந்தக் கம்பனியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எந்தக் கம்பனி என்று கீழே கேட்கவும் வேண்டாம். இது ஒரு கம்பனியோடு நிற்கிற வழக்கம் இல்லை. உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

அந்தப் பிள்ளை ஒக்டோபர் 11ஆம் திகதி பரீட்சை எழுதியது. பாடசாலை திரும்பத் திறந்த பிறகு நாங்கள் மேலதிக வகுப்பு வைத்தோம். அது வேறு கதை.

டிஷ் பூட்டுகிற ஒரு தம்பி இருக்கிறார், என்னிடம் படித்தவர். அவரிடம் இதைக் கேட்டேன். அவர் கம்பனிப் பக்க நியாயத்தை நன்றாகவே சொன்னார்.

"சேர், பதியேக்கையே அது பூட்டோடதான் பதியும். சாவி கார்ட்டில இருக்கு. காசு கட்டினா சாவி வேலை செய்யும், இல்லாட்டி இல்லை. சட்டலைட்டுக்கு அவை டொலரில வாடகை கட்டினம், சனல்காரருக்கும் கட்ட வேணும். ஒரு மாதம் ரீலோட் போட்டு நூறு படத்தைப் பதிஞ்சுபோட்டு ஆறு மாதம் அதையே பாத்துக்கொண்டிருந்தா, பிறகு ஆர் காசு கட்டுவினம்?"

நியாயமான கேள்வி. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. உலகத்தில் இந்த வியாபாரம் எப்படித் தொடங்கியது என்று பார்த்தால் அவர் சொல்வது இன்னும் விளங்கும்.

1999இல் அமெரிக்காவில் இரண்டு கம்பனிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்தப் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஒன்று டிவோ, மற்றது ரீப்ளே டிவி. டிவோ பெட்டியை வாங்கியவர் மாதம் 9.95 டொலர் கட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரே தடவையாக 199 டொலர் கட்டி 'ஆயுள் சந்தா' எடுக்கலாம். அந்த ஆயுள் யாருடையது தெரியுமா? பெட்டியின் ஆயுள். பெட்டி செத்தால் சந்தாவும் செத்தது. ரீப்ளே டிவிக்காரர் வேறு வழியில் போனார்கள். பெட்டியின் விலையைக் கூட்டி வைத்து, மாதக் கட்டணம் இல்லை என்றார்கள்.

டிவோ எதற்காக மாதக் காசு கேட்டது? அந்தப் பெட்டி இரவில் தொலைபேசிக் கம்பி வழியாகக் கம்பனியைக் கூப்பிட்டு, வருகிற நாட்களின் நிகழ்ச்சி அட்டவணையை எடுத்துக்கொள்ளும். அந்த அட்டவணை இருந்தால்தான் 'இந்த நாடகத்தை ஒவ்வொரு கிழமையும் பதி' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு இருக்கலாம். நேரம் மாறினாலும் பெட்டி தானே கண்டுபிடிக்கும். அட்டவணையை யாரோ நாள்தோறும் தயாரிக்க வேண்டும். அந்த வேலைக்குக் கூலி வேண்டும். அதில் தவறு சொல்ல மாட்டேன்.

மாதக் காசு வேண்டாம் என்ற ரீப்ளே டிவிக்கு என்ன நடந்தது? சில வருடங்களில் அவர்களும் மாதக் கட்டணத்துக்கு வந்தார்கள். அதை வாங்கி நடத்திய சொனிக்புளூ கம்பனி 2003இல் வங்குரோத்தானது. ஒரே தடவை வாங்கிய காசில் வருடக்கணக்காகச் சேவை கொடுப்பது கஷ்டம் என்பது உண்மைதான். எங்கள் ஊரில் கடனுக்குக் கொடுத்துக் கொடுத்தே மூடிய கடைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். கம்பனி மூடினால் எங்கள் பெட்டியும் வெறும் தகரம்.

ஆக, மாதக் கட்டணம் என்பதையே எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை. தொடர்ந்து வருகிற ஒன்றுக்குத் தொடர்ந்து காசு கொடுக்கத்தான் வேண்டும். மின்சாரத்துக்குக் கட்டுகிறோம், தண்ணீருக்குக் கட்டுகிறோம். ஆனால் மின்சாரக் காசு கட்டவில்லை என்று வந்து லைனை வெட்டுகிறவர், போன மாதம் அந்த மின்சாரத்தில் அரைத்து வைத்த மாவை எடுத்துக்கொண்டு போவதில்லை. பிரச்சினை அந்த இடத்தில்தான்.

இலண்டனில் இருக்கிற எங்கள் உறவுகளுக்கு ஸ்கை பிளஸ் தெரிந்திருக்கும். 2001இல் வந்தது. அலைவரிசைகளுக்குக் கட்டுகிற காசுக்கு மேலாக, பதிவு வசதிக்கென்றே மாதம் 10 பவுண் கேட்டார்கள். பெரிய பெக்கேஜ் எடுத்தவர்களுக்கு மட்டும் அதைத் தள்ளிவிட்டார்கள். 2007இல் எல்லாச் சந்தாதாரருக்கும் அந்த 10 பவுணை நீக்கினார்கள். நீக்கிய பிறகும் ஸ்கை மூடிவிடவில்லை. அப்படியென்றால் அந்தப் பத்துப் பவுண் எதன் செலவு? நான் பார்க்கிற அளவில், கேட்டால் கொடுப்பார்கள் என்பதால் கேட்ட காசு அது. ஆனால் சந்தாவையே நிறுத்தினால் பதிவும் நின்றுவிடும் என்ற பூட்டு மட்டும் தொடர்ந்தது.

அதே பிரித்தானியாவில் பிரீவியூ என்று அன்டெனாவில் வருகிற இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு இருக்கிறது. 2002இல் தொடங்கியது. அதற்கான பதிவுப் பெட்டிகள் கடையில் விற்கின்றன. ஒரு தடவை வாங்கினால் சரி, மாதக் காசு இல்லை. அட்டவணை? அது ஒளிபரப்போடு சேர்ந்தே வருகிறது. ஜப்பானிலும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு ஹார்ட் டிஸ்க் ரெக்கோடர், அட்டவணை ஒளிபரப்புக்குள்ளேயே வரும். ஆக, மாதக் காசு இல்லாமல் பதிவுப் பெட்டி நடக்காது என்பது பொய். ஒழுங்கு செய்தால் நடக்கும்.

எங்கள் நாட்டில் ஏன் நடக்கவில்லை? அன்டெனா ஒளிபரப்பு இன்னும் முழுதாக டிஜிட்டலுக்கு மாறவில்லை. அந்த ஜப்பான் முறையைத்தான் இலங்கை 2014இல் தெரிவு செய்தது. வருடங்கள் போகின்றன. கொக்காவிலில் 2011இல் திறந்த 170 மீற்றருக்கு மேல் உயரமான கோபுரத்தை ஏ9 வீதியால் போகிற ஒவ்வொரு தடவையும் பார்க்கிறோம். இப்போது கடையில் வாங்குகிற பல புது ரிவிகளில் யுஎஸ்பியில் பதிகிற வசதி இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் டிஜிட்டல் ஒளிபரப்பைத்தான் பதியும். ஆகவே எங்கள் வீடுகளில் அது சும்மா கிடக்கிறது. பதிய வேண்டுமென்றால் கட்டணப் பெட்டியிடம்தான் போக வேண்டும். வேறு கடை இல்லாத சந்தியில் ஒரே கடைக்காரன் சொல்வதுதானே விலை.

இப்போது கடைக் கமராவுக்கு வருகிறேன். எங்கள் சந்தியில் ஒரு பலசரக்குக் கடைக்காரரிடம் கேட்டேன், "இந்தக் கமராப் பெட்டிக்கு மாதம் எவ்வளவு?" அவர் சிரித்தார். "மாதக் காசோ? ஒருக்கா வாங்கினம், பூட்டினம், முடிஞ்சுது. ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் பழசை அழிச்சு அழிச்சுப் பதியும்." அதுவும் டிவிஆர், இதுவும் டிவிஆர். இரண்டுக்குள்ளும் இருப்பது அதே மாதிரி ஒரு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் பதிந்தது கடைக்காரருடையது, மற்றதில் பதிந்தது கம்பனியுடையது.

ஆனால் கடைக்காரர்களும் கவனிக்க வேண்டிய காலம் வருகிறது. வைஃபை கமராக்கள் மலிவாக வருகின்றன. பலவற்றில் மெமரி கார்ட் போட்டால் சும்மா பதியலாம். சிலவற்றில் படம் கம்பனியின் கிளவுட்டுக்குத்தான் போகும், அதற்கு மாதக் காசு. அமேசன் 2018இல் வாங்கிய ரிங் என்ற கமரா வெளிநாடுகளில் பிரபலம். அதில் சந்தா இல்லையென்றால் நேரடியாகப் பார்க்கலாம், பதிந்ததைத் திரும்பப் பார்க்க முடியாது. நேற்றிரவு யார் கடையை உடைத்தான் என்று இன்று காலை தெரிய வேண்டுமென்றால் மாதக் காசு கட்டியிருக்க வேண்டும். ரிவியில் ஒரு பாடத்தைத் தவற விட்டால் வேறு வழியில் படிப்பிக்கலாம். களவு போன கடைக்கு அந்த ஒரு இரவுப் பதிவுதான் சாட்சி.

பதிந்து வைப்பது மக்களின் உரிமையா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. சொனி கம்பனி 1975இல் பீட்டாமக்ஸ் என்ற வீடியோ ரெக்கோடரைக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே யுனிவர்சல், டிஸ்னி என்ற இரண்டு பெரிய படக் கம்பனிகளும் வழக்குப் போட்டன. வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவது எங்கள் உரிமையைத் திருடுவது என்றார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1984 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். இலவசமாக வருகிற நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிந்து வைப்பது குற்றமில்லை என்று ஐந்து பேர் சொன்னார்கள். ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் டெக் என்ற சாமானின் கதையே வேறாகியிருக்கும்.

அந்த வழக்கில் ஆசிரியனாகிய எனக்குப் பிடித்த ஒரு சாட்சி இருக்கிறார். பிரெட் ரொஜர்ஸ். அமெரிக்காவில் பல வருடம் சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவர். தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிந்து வைத்து, தங்களுக்கு வசதியான நேரத்தில் பிள்ளைகளோடு இருந்து பார்ப்பதைத் தான் ஆதரிப்பதாக அவர் சாட்சி சொன்னார். தீர்ப்பிலேயே நீதிபதிகள் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். படிப்பிக்கிறவனுக்குத் தன் பாடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதில் நஷ்டம் இல்லை. நேத்ராவில் பாடம் எடுத்த ஆசிரியர்களிடம் கேட்டால் அவர்களும் இதைத்தான் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

அந்த அம்மாவின் விஷயத்தில் எனக்கு இருக்கிற பெரிய மனவருத்தமும் இதுதான். நேத்ரா ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்துடையது. பொதுமக்களுக்கான அலைவரிசை. அந்தப் பாடங்கள் நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்குமாகச் செய்யப்பட்டவை. அன்டெனாவில் எடுத்தால் இலவசம். அதே பாடம் ஒரு தனியார் பெட்டிக்குள்ளால் வந்தது என்பதற்காக அதன் மேல் ஒரு பூட்டு விழுகிறது. பாடமும் கம்பனியுடையது இல்லை, பென் டிரைவும் கம்பனியுடையது இல்லை. பூட்டு மட்டும் கம்பனியுடையது.

எங்கள் மார்க்கத்தில் வியாபாரச் சட்டம் படிக்கிறபோது முதலில் சொல்லித் தருவது, விற்பனை வேறு, வாடகை வேறு. விற்றால் பொருள் வாங்கியவன் கைக்குப் போய்விட்டது, விற்றவனுக்கு அதில் பிடி இல்லை. வாடகை என்றால் பொருள் கொடுத்தவனுடையதே, பாவிப்பதற்குத்தான் காசு. இரண்டும் ஆகுமானவை. கூடாதது இரண்டையும் கலந்து, வாங்குகிறவனுக்குத் தான் எதை வாங்குகிறேன் என்று தெரியாமல் வைத்திருப்பது. இதற்கு முஸ்லிமாக இருக்க வேண்டியதில்லை. சந்தையில் தேங்காய் வாங்குகிற எவருக்கும் விளங்கும். பெட்டியை விற்பனை என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள், உள்ளே இருப்பதை வாடகை மாதிரி நடத்துகிறார்கள். எது என்று முதலே சொல்லட்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு எழுதுகிறாய், ஒரு ரிவிப் பெட்டிதானே என்று யாராவது கேட்கலாம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது என் குடும்பமும் வெளியேறியது. கையில் எடுக்க முடிந்ததைத்தான் எடுத்தோம். அல்பமும் கசெற்றும் எடுக்கவில்லை. நான் இன்று படிப்பிக்கிற ஊரின் சனங்கள் 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்து வந்தபோது மரத்துக்குக் கீழே தங்க இடம் கொடுத்தவர்கள். பிறகு 2009இல் அவர்களும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர்கள். கல்யாண வீடியோ இல்லாத வீடுகள், செத்துப்போன பிள்ளையின் ஒரு படம்கூட இல்லாத வீடுகள் இங்கே எத்தனை என்று என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனால் தெரியும். பதிந்த ஒன்று கைக்குள் இருப்பதும், இருந்தும் திறக்க முடியாமல் போவதும் எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. தன்னுடைய பிள்ளை மேடையில் கவிதை சொன்னதை ரிவியில் காட்டினார்கள் என்று அதைப் பதிந்து வைத்திருக்கிற ஒரு தகப்பனையும் எனக்குத் தெரியும். அவர் அந்த ஒன்றரை நிமிடத்துக்காகவே ரீலோட் போட்டு வருகிறார். கம்பனியின் நிகழ்ச்சிக்காக அவர் கட்டவில்லை. தன் பிள்ளையைப் பார்க்கக் கட்டுகிறார்.

ஆகவே என் நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று. புதிதாக வருகிற அலைவரிசைகளுக்கும் அட்டவணைக்கும் மாதக் கட்டணம் கேட்கலாம். அது நியாயம்.

இரண்டு. காசு கட்டிய நாளில் பதிந்தது, காசு நின்ற பிறகும் அந்தப் பெட்டியிலாவது திறக்க வேண்டும். புதுப் படங்களுக்கு ஒரு கால எல்லை வைப்பதென்றால் வைக்கட்டும், தம்பி சொன்ன நூறு படப் பிரச்சினைக்கு அது போதும். பாடத்துக்கும் செய்திக்கும் அந்த எல்லை வேண்டாம்.

மூன்று. அன்டெனாவில் இலவசமாக வருகிற நேத்ரா, வசந்தம், சக்தி போன்ற அலைவரிசைகளைப் பதியும் பட்டனைப் பூட்டக்கூடாது. நாளைக்கு டிஜிட்டல் ஒளிபரப்பு வரும்போது இதை விதியாகவே எழுத வேண்டும். ஜப்பானிடம் முறையை எடுத்தோம், அங்கே வீட்டுக்காரருக்கு இருக்கிற வசதியையும் சேர்த்து எடுக்கலாம்.

நான்கு. காசு நின்றால் எது நிற்கும் என்பதைப் பெட்டியின் மட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

இவை நடக்கும்வரை, புதுப் பெட்டி எடுக்கிறவர்கள் காசு கொடுக்க முதல் கடையில் நான்கு கேள்வி கேளுங்கள். பெட்டி எனக்குச் சொந்தமா, இரவலா? ரீலோட் முடிந்தால் பதிந்தவை திறக்குமா? பெட்டி பழுதாகி மாற்றினால் பழைய பதிவுகள் புதுப் பெட்டியில் ஓடுமா? பதிவு வசதிக்குத் தனியாக மாதக் காசு உண்டா? பதிலைக் கடைக்காரரிடம் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பில் கேட்க வெட்கப்பட வேண்டாம், அது உங்கள் உரிமை. சொன்னதற்கு மாறாக நடந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

வைஃபை கமரா வாங்குகிற கடைக்காரச் சகோதரர்களே, மெமரி கார்ட் போடுகிற வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதை எங்கள் பெற்றோர் குழுவில் உள்ளவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் ரீலோட் முடிந்த பிறகு பதிந்தவை திறக்கிறதா இல்லையா என்று சோதித்துப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். கம்பனிப் பெயர் வேண்டாம், திறந்ததா இல்லையா என்பது மட்டும் போதும். போதிய வீடுகள் சேர்ந்தால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வைத்து, எல்லாருமாகக் கையொப்பம் இட்டு ஒரு கடிதம் அனுப்பலாம். கடிதத்தை எழுதுவது என் பொறுப்பு.